டீயில் தொடங்கும் சொற்கள் மட்டும்

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருபத்தாறில் ஒரு பங்கு மிக நன்றாகத் தெரியும். எல்லா எழுத்திலும் நுனிப்புல் மேய்ந்த ஆங்கிலம் இல்லை அது. ஒரே எழுத்தை ஆணிவேர் வரை தோண்டிய ஆங்கிலம். அந்த எழுத்து டீ. (ஏ, பி, சி, டி என்று நாலாவதாக வருகிற டி இல்லை. சீனி போட்டுக் குடிக்கிற டீயைப்போல் ஒலிக்கிற, கடைசிப் பக்கம் ஒதுங்கி நிற்கிற டீ.)

இந்தப் பெருமையெல்லாம் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நஸீர் சேரைச் சேரும். தெரணியகலை டவுனில் அவருடைய வாப்பாவின் ஹார்ட்வெயார் கடை மாடியில், பிளாஸ்டிக் வாளிகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே அவர் ஆங்கில வகுப்பு நடத்தினார். ஒரு மாதத்துக்கு ஓர் எழுத்து என்பது அவருடைய முறை. முதலில் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள், பிறகு வெள்ளைக்காரனே மறந்துபோன சொற்கள். “தெரிஞ்ச சொல்லு வேலை செய்யும் தங்கச்சி, தெரியாத சொல்லுதான் மரியாதை வாங்கும்” என்பார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு டீக்கு வந்திருந்தது. விட்டுப்போன எழுத்துகளை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். மாதம் முடிந்தது, சேருக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது, அடுத்த சுற்று ஆகாயத்தில் போய்விட்டது.

ஆனால் அந்த ஒரு மாதத்தில் நான் அள்ளியது கொஞ்சமில்லை. டேபிள், டவல், டோர்ச் எல்லாம் பிள்ளை விளையாட்டு. ‘டிட்டிவேட்’ என்றால் பொட்டு, பவுடர் என்று சின்னச் சின்னதாகத் தன்னை அழகுபடுத்திக்கொள்வது. ‘டெசிட்டர்ன்’ என்றால் அதிகம் பேசாத சுபாவம். ‘டெமெரிட்டி’ என்றால் அசட்டுத் துணிச்சல். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா வாசலில் ‘டிரெஸ்பாசர்ஸ்’ என்று ஒரு போர்டு உண்டு. அது உள்ளே இருந்த துரையின் குடும்பப் பெயர் என்றுதான் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். அத்துமீறி நுழைகிறவர்கள், அதாவது நாங்கள்தான் அந்த டிரெஸ்பாசர்ஸ் என்பதும் சேர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தப் பங்களாவைக் கொழும்பைச் சேர்ந்த ஒரு மேடம் எடுத்து, சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹோட்டலாக்கினார். வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை, ஆங்கிலம் கட்டாயம் என்று செய்தி வந்தது. அதே வாரம் அம்மா எனக்குக் கொழும்பில் ஒரு கார்மெண்ட் வேலை பேசி முடித்திருந்தார். சித்தி மகள் அங்கே இருக்கிறாள், அறையில் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது, திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கோ ஊரைவிட்டுப் போகத் துளியும் மனமில்லை. அந்த மேசைக்குப் பின்னால், அந்த நாற்காலியில், நான் உட்கார வேண்டும். அவ்வளவு ஆசையாக அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. அம்மா கடைசியில் இறங்கிவந்து, “போயிட்டு வா. கெடைக்கலனா மூஞ்சிய தூக்கி வச்சிக்காம பஸ் ஏறணும்” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இன்டர்வியூ மேடத்தின் அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் மேடமும், டை கட்டிய மேனேஜரும் இருந்தார்கள். மேனேஜர் ஆங்கிலத்தில், உன்னைப் பற்றிச் சொல் என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் வாரம் முழுக்கத் தயாராகியிருந்தேன். நான் தமிழ், நான் டோல், அதாவது உயரம், காலையில் டிட்டிவேட் செய்துகொண்டு வந்தேன், நான் மிகவும் டெசிட்டர்ன் என்று தொடங்கினேன். அதிகம் பேசமாட்டேன் என்பதை அவர்கள் நம்ப வேண்டுமே என்று விளக்கிக்கொண்டே போனேன். வீட்டில் பேசமாட்டேன், பஸ்ஸில் பேசமாட்டேன், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாலும் பேசமாட்டேன். எதிரே இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் பேசமாட்டேன் என்று பேசினேன். (அது மேனேஜரின் தண்ணீர்.) மேடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமல் வருகிறது போலும் என்று பரிதாபப்பட்டேன்.

அடுத்த கேள்வி வந்தது. “டிப்பிங் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?”

என் காதில் தேன் பாய்ந்தது. டீயில் தொடங்கும் சொல், அதுவும் எங்கள் தோட்டத்துச் சொல். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி துளிர்த்து மேலே வரும்போது, நுனியைக் கிள்ளி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் டிப்பிங். அம்மா அதில் கெட்டிக்காரி. ஹோட்டலில் விருந்தினர் கையில் வைத்துவிட்டுப் போகிற சந்தோஷக் காசுக்கும் அதே பெயர் என்பதை நஸீர் சேர் ஏனோ சொல்லவில்லை. கவ்வாத்துக்கு ஆங்கிலம் வேறு எழுத்தில் இருந்ததால், பள்ளிக்கூடத்திலேயே படித்த ‘கட்’ என்றே வைத்துக்கொண்டேன்.

“முதலில் அவர்களை வெட்ட வேண்டும், சேர்” என்றேன். (ஆங்கிலத்தில் செடிக்கும் ஆளுக்கும் ஒரே ‘தெம்’தான்.)

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டார். யாரை என்றார். எல்லாரையும்தான், முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் போதும் என்றேன். வெட்டியபின் கொஞ்ச நாள் தொந்தரவு செய்யக்கூடாது. பிறகு தலை தூக்குவார்கள். அப்போது டிப்பிங். டென்டரானவர்களைக் கிள்ளி எடுக்கலாம், டஃபானவர்களை விட்டுவிட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அருமையான டேபிள் கிடைக்கும் என்று முடித்தேன். (மட்டமாக்கிய செடியின் மேல்பரப்புக்கும் தோட்டத்தில் டேபிள் என்றுதான் பெயர்.) ஒரே பதிலில் இத்தனை டீ சேர் வகுப்பிலேயே யாரும் போட்டதில்லை.

மேடம் மெதுவாகச் சிங்களத்துக்கு மாறினார். “காவத நங்கி கபன்னே?” யாரைத் தங்கச்சி வெட்டுகிறாய் என்று அர்த்தம்.

“தே கஸ், மேடம்” என்றேன். தேயிலைச் செடிகளை.

மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். மேனேஜர் விளக்கம் சொன்னபோதுதான் நான் யாரையெல்லாம் முழங்காலுக்கு வெட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. காது மடல் எரிந்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. தேயிலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு டிப்பிங்குக்கு எங்கள் அர்த்தம் தெரியாமல் இருப்பது என் தப்பா என்று சிங்களத்திலேயே கேட்டுவிட்டேன். கேட்ட மறுகணமே திங்கட்கிழமை பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது. மேனேஜர் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

நான் எழுந்தேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, ஷவர் தொப்பியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். பாத்ரூமில் ஏதோ பிராணி இருக்கிறதாம், கையால் காட்டினார், உள்ளங்கை அளவு. மேனேஜர் அழகான ஆங்கிலத்தில் நீளமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த அம்மா இப்போதே அறையைக் காலி செய்கிறேன் என்றார். மேடத்தின் சிரிப்பு நின்றுபோனது.

எப்படியும் வேலை போய்விட்டது, இனி என்ன என்று நான் அந்த அறைக்குப் போனேன். குளியல் தொட்டிக்குப் பின்னால் சொரசொர முதுகோடு ஒரு தேரை குந்தியிருந்தது. தவளை என்றால் என் வாய் அடைத்திருக்கும், அது வேறு எழுத்து. தேரை என் எழுத்து. டவலைப் போட்டுப் பிடித்தேன். வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தவரிடம், மடிப்பிலிருந்து எட்டிப் பார்த்த தலையைக் காட்டி, “டோட், மேடம். டிமிட். டெம்பொரரி டெனன்ட்” என்றேன். தேரைதான், பயந்த சுபாவம், தற்காலிகமாகக் குடியிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், தேரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேரையை விடப் போனபோது கூடவே வந்து படம் எடுத்தார். அறையும் காலியாகவில்லை, இன்னும் சில நாள் கூடத் தங்கிவிட்டுத்தான் போனார்.

மேனேஜர், இவளுக்கு ஓர் எழுத்துத்தானே தெரியும் என்று முனகினார். மேடம், மிச்ச எழுத்தை நாம் சொல்லிக்கொடுக்கலாம், தேரை பிடிக்க உனக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார். திங்கட்கிழமை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பங்களாப் படிக்கட்டில் ஏறியபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்று எழுதினால் குறைத்துச் சொன்னதாகும்.

இப்போது வரவேற்புப் பகுதி முழுவதற்கும் நானே பொறுப்பு. மற்ற எழுத்துகளும் ஓரளவு வசமாகிவிட்டன. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை நான் சொல்லத் தொடங்குவேன், அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வார்.

“அந்த மாஸ்டரு ஒரு மாசந்தாங்க சொல்லிக் குடுத்தாரு. நான் இவ பொறந்ததிலருந்து டீ போட்டுத்தான் கூப்புட்டுக்கிட்டு இருக்கேன். வாடீ, போடீ, எந்திரிடீ. இப்ப சொல்லுங்க, வேல யாரால கெடச்சிச்சு?”

வந்தவர்கள் சிரித்து அடங்குவதற்குள் அம்மா என் பக்கம் திரும்புவார். “பல்ல காட்டிக்கிட்டு நிக்காம, இவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துடீ.”

வரவேற்புப் பகுதிப் பொறுப்பாளர் எழுந்துபோய் ஊற்றுவார்.