புள்ளி இல்லாத கோலமா?

கோலத்தில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பெண்ணிடம் மட்டும் எதையும் தைக்கக் கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பெண் நான்தான்.

வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு எம்பிராய்டரி கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. முதலாளி கீழக்கரை பாய். இங்குள்ள ஐரிஷ்காரர்கள் நடத்தும் பைப் வாத்தியக் குழு ஒன்று (நம் நாதஸ்வரத்துக்குப் பை கட்டிவிட்ட மாதிரி இருக்கும்) சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னம் கேட்டு வந்தது. பாய்க்கு அது பெரிய ஆர்டர். நடுவில் யாழ், கீழே மூன்று இலை, சுற்றிலும் வளைந்து வளைந்து ஓடும் கயிறு.

கயிறா அது? அசல் சிக்குக் கோலம்! ஆனால் ஒரு புள்ளிகூட இல்லை. 'பாவம், வெள்ளைக்காரனுக்குப் புள்ளி வைக்கத் தெரியவில்லை' என்று இரக்கப்பட்டு, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் வெள்ளை நூலில் ஒரு புள்ளி வைத்தேன். (யாரையும் கேட்கவில்லை. கோலத்தில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?)

மாலையில் அவர்கள் அணிவகுப்பு. மதியம் குழுத்தலைவர் வந்து பெட்டியைத் திறந்தார். ஏற்கெனவே சிவந்த முகம், இன்னும் சிவந்தது.

பாய் எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ்! என்னம்மா இது, சின்னத்துக்கு அம்மை போட்டிருக்கு?"

"புள்ளி இல்லாம கோலம் எப்படி பாய்?"

"கோலமா? இந்த ஆர்டர் போச்சுன்னா நீயும் நானும் வாசல்ல உக்காந்து அதைத்தான் போடணும்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தையல் சாக்பீஸை எடுத்து, வெட்டு மேசையில் புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் இழுத்துக் காட்டினேன். தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வந்ததும், தலைவர் குனிந்து அதை விரலால் தடவிக்கொண்டே போனார். யாழ் எங்கள் நாடு, மூன்று இலை பிதா, சுதன், ஆவி என்று மூன்றாக இருக்கும் எங்கள் சாமி என்றார். சுற்றி ஓடும் கயிற்று முடிச்சுக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. பிழைக்கக் கடல் தாண்டிப் போனாலும் ஊர் உறவு அறாது என்று அர்த்தமாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நானும் கடல் தாண்டி வந்தவள்தானே!

"ஆனாலும் புள்ளியை எடுத்துவிடுங்கள்" என்றார்.

பாயும் நானும் சோறு தண்ணி இல்லாமல் பிளேடு வைத்துப் பிரித்தோம். கடைசிச் சின்னம் ஒன்று மிச்சம் இருக்கும்போது தலைவர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இது எனக்கு. இப்படியே இருக்கட்டும்."

மாலையில் எல்லோருக்கும் முன்னால் அவர் ஊதிக்கொண்டு வந்தார், நெஞ்சில் என் புள்ளிகளோடு. கூட்டத்தில் கணவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன், "ஏங்க, அது நான் வச்ச புள்ளி!"

அன்றிலிருந்து நான் யார் விஷயத்தில் மூக்கை நுழைத்தாலும் வீட்டில் ஒரே கேள்விதான். "என்ன, புள்ளி வச்சாச்சா?"

"வச்சாச்சு" என்பேன். "நெஞ்சுல குத்திக்கிட்டு ஊதிட்டுப் போனாரே, பாத்தீங்கல்ல?"