மாமனாருக்கு ஒரு டூப்பு

நிஜ ஆளைக் கண்டு, நாங்கள் ‘டூப்பு’ என்று கூப்பிடும் எங்கள் ஆபீஸ்காரர் அளவுக்குப் பயந்த ஒரு மனிதரைக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இதுவரை கண்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

இரும்பு ஆலைகளுக்கு எடைமேடை சாஃப்ட்வேர் எழுதும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. எழுதியதைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் லோடு லாரியை மேடையில் ஏற்ற முடியுமா? அதனால் எடைமேடை மாதிரியே நடிக்க ஒரு குட்டி புரோகிராமை எழுதி வைப்போம். இருபது டன் என்று சொல்லச் சொன்னால் சொல்லும். அதற்கு மாக் என்று பெயர். சினிமாவில் ஹீரோவுக்கு டூப்பு போடுகிற கதைதான். நாங்கள் வேலைக்கு மட்டும் டூப்பு போட்டோம், இவர் வாழ்க்கைக்கே போட்டார். அதனால்தான் அந்தப் பெயர். லீவு கேட்பதற்குக்கூட முதலில் வாட்ச்மேனை மேனேஜராக உட்காரவைத்துக் கேட்டுப் பார்ப்பார். வாட்ச்மேன் தாராளமாகக் கொடுத்துவிடுவார். மேனேஜர் கொடுக்கமாட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்குக் காதல் வந்தது. திருநின்றவூரிலிருந்து வரும் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஸ்டெல்லாமேல். "எங்கப்பா சரின்னா எனக்கும் சரி. அவரு வேணாம்னா அத்தோட விட்டுடணும்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். டூப்புக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகைக்கு நான் மாமனார் ஆனேன். "சம்பளம் கேளு, ஊடு கேளு, குடிப்பியான்னு கேளு. அதுக்கு மேல வாயத் தொறக்காத" என்று எனக்கு உத்தரவு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, பவ்யமான குரலில் பதில் சொல்வார். "சரி மாப்ள, கட்டிக்க" என்பேன். டெஸ்ட் பாஸ். வாரம் முழுக்க பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு திருநின்றவூர் போனார். ஸ்டெல்லாவின் அப்பா ரோலிங் மில்லில் காலமெல்லாம் உழைத்தவர். டூப்பு அதே பவ்யத்தோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பெரியவர் அசையவில்லை. டூப்பு மறுபடி சொன்னார். ஊஹூம். டூப்புக்கு முகம் வெளுத்துவிட்டது.

"புடிக்கல போலகீதுபா, கெளம்பலாம்" என்று எழுந்தேவிட்டார்.

ஸ்டெல்லா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "ஐயோ! மில்லு சத்தத்துல அப்பாவுக்குக் காது போச்சுன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன..." என்று விழித்த டூப்பு என்னைக் கை காட்டினார். "இவனுக்கு நல்லா கேட்டுச்சே!"

அதன்பிறகு ஒத்திகை பார்க்காத ஒரு காரியத்தைச் செய்தார். பெரியவரை நேருக்கு நேர் பார்த்து, "உங்க பொண்ணு இல்லாம என்னால முடியாது சார்!" என்று கத்தினார். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திய அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் பெரியவர். "உக்காருபா, சாப்ட்டுப் போலாம்."

டூப்பு உட்காரவில்லை. நின்றபடியே அழுதார். மகா பயந்தாங்கொள்ளி. ஆனாலும் அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.