ம் கொட்டாத சம்பந்தி

திருகோணமலை

அன்புள்ள மச்சான் நகுலேஸ்வரனுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் உமது அக்காவும் சுகம். நீரும் மட்டக்களப்பில் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தது போதும். போனில் சொன்னால் நீர் "ஓம் அத்தான்... ம்... அட, பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர், என் கோபம் ஆறிவிடும். இந்தக் கோபம் ஆறக் கூடாது. அதனால்தான் கடிதம்.

மகள் கௌசிகாவுக்கு நீர் பேசிவந்த சம்பந்தம் வேண்டாம். மாப்பிள்ளை யதுர்ஷனில் ஒரு குறையும் இல்லை. அவருடைய தகப்பன் தங்கவடிவேலரைத்தான் சொல்கிறேன். நேற்றுப் பின்னேரம் அன்புவழிபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். உமது அக்கா பெண்களோடு குசினிக்குள் போய்விட, அந்த மனிதரும் நானும் எதிரெதிரே கதிரையில். என் முழங்கால் நோவில் கதையைத் தொடங்கினேன். மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு "ம்" இல்லை, "ஓம்" இல்லை. "அப்பிடியோ" என்றாவது கேட்க வேண்டாமா? மீன் விற்க வருகிறவர்கூட என் முழங்காலுக்கு "ஐயோ பாவம்" சொல்லிவிட்டுத்தான் சூடை மீனை நிறுப்பார். சரி, சீதனமாக மேல்வீடு பிள்ளைக்குத்தான் என்றேன். சத்தமில்லை. காணாதாக்கும் என்று நினைத்துக் கீழ்வீட்டையும் சேர்த்தேன். கண்ணை மட்டும் சிமிட்டினார். தம்பலகாமத்து வயல் போனது, கடை போனது, என் வாயை நிறுத்த ஏலவில்லை. நானும் உமது அக்காவும் விறகு அறையில் கிடப்போம் என்று நான் சொல்லும்போதுதான் அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். நான் எழும்பி ஓடிவந்துவிட்டேன்.

அக்கா என்னோடு கதைப்பதில்லை. கௌசிகாவோ, "அவை சீதனமே கேக்கேல்லையே அப்பா, நீங்கள் ஏன் ஏலம் போட்டனீங்கள்?" என்று அழுகிறாள். அவளுக்கு அந்தப் பெடியனில் விருப்பம், தெரியும். வீடு போனால் போகட்டும் மச்சான். ஒரு "ம்" கூட இல்லாத வீட்டில் என் பிள்ளை யாரோடு கதைப்பாள், சுவரோடா? அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆகவே வேண்டாம் என்று நீரே சொல்லிவிடும்.

பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. கோணேசர் உங்கள் எல்லோரையும் காப்பார்.

இப்படிக்கு,
தொண்டை வறண்ட அத்தான்
கோணாமலை

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும் நேரம் தங்கவடிவேலர் சைக்கிளில் வந்து இறங்கினார். துறைமுகத்தில் கப்பல்களோடு ரேடியோவில் கதைக்கிற வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவராம். இதை நீர் எனக்கு ஏன் சொல்லவில்லை? "அந்தப் பக்கம் 'ஓவர்' எண்டு சொல்லுமட்டும் நாங்கள் வாய் திறக்கிறேல்ல. இடையில பட்டனை அமத்தினால் அவையின்ர கதை எங்களுக்குக் கேக்காது. அது பழகிப்போச்சு. நேற்று நீங்கள் முடிக்கவே இல்லையே!" என்றார். நான் "ஓவர்" என்றேன். உடனே, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் காணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ம்... ஓமோம்..." என்று தொடங்கினேன். கையை உயர்த்தி, "பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்ல!" என்று அதட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். என் முழங்காலுக்கு நோவெண்ணெய்.

மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடும். முத்திரை ஒட்டியாயிற்று, வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். நல்ல நாள் பாரும்.

ஓவர்.