ரோஷிணியின் பரீட்சைக்குப் பியானோ வாசித்த கிரேன்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள். இரும்பு வைத்த பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பியானோவைச் சுற்றி வந்து அடியில் குனிந்து பார்த்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்து, “ஓகே, ஸேஃப்டி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசிக்க உட்காரும் ஆள் ஒருவர்தான் கிடைப்பார். உலகம் முழுக்கத் தேடினாலும் அதே கணக்குத்தான் என்பது என் கட்சி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரே கடைசிக் காலத்தில் அவரை ‘கிரேன்’ என்றுதான் கூப்பிட்டாராம். துறைமுகத்தில் பன்னிரண்டு மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்குவது அவர் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையானால் கூண்டிலிருந்து இறங்கி வந்து ராயபுரத்தில் ஒரு சர்ச்சில் பியானோ வாசிப்பார். இரண்டையும் ஒரே மாதிரிதான் செய்வார். எங்கள் கதையே அதில்தான் இருக்கிறது.

என் மகள் ரோஷிணிக்குப் பன்னிரண்டு வயது. வயலின் கற்றுக்கொள்கிறாள், மேற்கத்திய பாணியில். நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவன். என் மனைவி செல்வி காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்த வீட்டுப் பெண். எங்கள் இரண்டு பரம்பரையிலும் கம்பி என்றால் தூண்டில் கம்பிதான். அப்படிப்பட்ட வீட்டில் இப்படி ஒரு பிள்ளை வந்து பிறந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைக்கப் போவதில்லை.

மேற்கத்திய வயலின் பரீட்சையில் ஒரு தொல்லை உண்டு. பிள்ளை தனியாக வாசித்தால் போதாது. கூடவே ஒருவர் பியானோ வாசிக்க வேண்டும். அந்த ஒருவரையும் நாமே தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

முந்தைய ஆண்டு தென்சென்னையில் ஒருவரைப் பிடித்தோம். பயிற்சிக்காக ஒருமுறை திருவொற்றியூர் வர முடியுமா என்று போனில் கேட்டேன். “அங்க ராத்திரி தங்க ஹோட்டல் இருக்கா சார்?” என்றார். நான் ஏதோ அந்தமானுக்கு அழைத்துவிட்டேன் போலிருக்கிறது. கடைசியில், பயிற்சியே வேண்டாம், நேரே பரீட்சைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வந்தார், உட்கார்ந்தார், எக்ஸ்பிரஸ் வேகத்தில் கிளம்பினார். கண் காகிதத்தை விட்டு அசையவில்லை. ரோஷிணி அரை வரி பின்தங்கினாள், தடுமாறினாள், நின்றுவிட்டாள். அவர் மட்டும் கம்பீரமாக வாசித்து முடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு பெண் வில்லைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்த்தார். பரீட்சை போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் வயலின் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு மாதம் வெளியே வரவில்லை. வயலின் டீச்சர் வந்து கெஞ்சிய பிறகு ஒரு நிபந்தனையோடு எடுத்தாள்.

“இன்னொரு வாட்டி நடுவுல நின்னுட்டேன்னா அதோட அவ்ளோதான்பா. அப்புறம் தொட மாட்டேன்.”

அவள் சொன்னால் செய்வாள். அம்மாவின் வார்ப்பு அப்படி. ஆகவே அடுத்து வரப்போவது எங்களுக்கு வெறும் பரீட்சையாக இல்லை. இந்த வீட்டில் வயலின் சத்தம் இனி கேட்குமா கேட்காதா என்பதே அதில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். செல்வியோடு படித்த பெண்ணின் தங்கைக்கு. மணப்பெண் சர்ச் வாசலிலிருந்து நடந்து வர, கிரேன் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் பெண்ணின் நீண்ட வெள்ளை அங்கி ஒரு பெஞ்சின் ஆணியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். நான்கு பெண்கள் குனிந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிரேன் கழுத்தைத் திருப்பி அந்தப் பெண்ணின் காலையே பார்த்தபடி, அதே நான்கு சுரங்களை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடமாவது இருக்கும். யாருக்கும் அலுக்கவில்லை. அங்கி விடுபட்டு, பெண் அடுத்த அடி வைத்த அதே நொடியில் பாட்டும் அடுத்த அடி வைத்தது.

செல்வி என் விலாவில் இடித்தாள். “இந்தாளுதான்யா நமக்கு வோணும். பாட்ட உட்டுட்டு பொண்ண பாக்குறாரு பாரு.”

சர்ச்சில் சொல்லக்கூடிய வாக்கியமில்லை. ஆனால் அவள் சொன்னது நியாயம்தான்.

விருந்தில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பிரியாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “சரி நைனா. சிக்னல் யாரு?”

“சிக்னலா?”

“நான் மேல குந்திகினு கீறேன். லோடு கீய கீது. எப்ப தூக்கணும், எப்ப எறக்கணும்னு கீய இருந்து ஒருத்தன் கை காட்டணும். ஒருத்தன்தான். பத்து பேர் காட்னா பேஜாரு.”

“வயலின் வாசிக்கறது என் பொண்ணு...”

“அப்ப பாப்பாதான் சிக்னல். நீயும் ஒன் டீச்சரும் குறுக்க வரக்கூடாது. இன்னா, ஓகேவா?”

இப்படியாக ஐம்பத்து மூன்று வயதுக் கிரேனுக்குப் பன்னிரண்டு வயது ரோஷிணி மேலதிகாரியானாள். ஷிப்ட் முடிந்ததும், கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். பியானோவுக்குப் பதிலாக இஸ்திரி மேஜைமேல் வைத்திருந்த எங்கள் கீபோர்டையும் விடவில்லை; அதற்கும் ஸேஃப்டி பரிசோதனை உண்டு. மேஜைக்கால் ஒன்று ஆடுகிறது என்று முதல் நாள் வாசிக்காமலே திரும்பிப் போனார். மறுநாள் ஸ்பேனரோடு வந்தார்.

சிக்னல்காரியின் இரண்டு கையும் வயலினில் மாட்டியிருப்பது ஒரு சிக்கல். இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வயலினின் தலையைச் சற்று உயர்த்தினால் கிளம்பு. கொஞ்சம் இறக்கினால் மெதுவாக. வேகம் சரியில்லை என்று ஒருநாள் நான் வாயைத் திறந்தேன். “யார்டுல ஆபீஸருங்கோ மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்டதான் நிப்பாங்கோ நைனா,” என்று என்னைச் சமையலறைப் பக்கம் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. பரீட்சைக்கான மூன்று பாட்டில் கடைசி, இருப்பதிலேயே வேகமானது, அழகாகப் போய்க்கொண்டிருந்தது. செல்வி சமையலறை வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் காக்கா வந்தது. அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, குறுக்கும் நெடுக்கும் வீசி, “ச்சூ!” என்றாள்.

பியானோ வெட்டினாற்போல நின்றது. கிரேன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். ரோஷிணியும் நின்றுவிட்டாள். காக்கா மட்டும் போகவில்லை.

“இன்னாண்ணா ஆச்சு?” என்றாள் செல்வி.

“நீதானம்மா எமர்ஜென்சி ஸ்டாப் குட்த்த.”

“நான் இன்னா குட்த்தேன்?”

“ரெண்டு கையும் தலைக்கு மேல குறுக்க ஆட்னா எமர்ஜென்சி. மத்த சிக்னலு ஒருத்தர்தான் குடுக்கணும். இத்த மட்டும் யாரு குட்த்தாலும் நிறுத்தணும். டீ விக்கிறவன் குட்த்தாலும் சரி. கீய எவன் மாட்டிகினு கீறானோ, மேல குந்திகினு கீறவனுக்கு இன்னா தெரியும்?”

“அய்ய, அது காக்காவுக்குண்ணா!”

“காக்காவோ கலெக்டரோ. இருபத்தாறு வருசமா இதான் பயக்கம். என் சர்வீஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு கீறல் வியுந்ததில்ல தெரியுமா? கைய பாத்தா என் கை தானா நின்னுடுது.”

செல்வி சிரித்தாள், நானும் சிரித்தேன். ரோஷிணி சிரிக்கவில்லை. வில்லைக் கீழே இறக்கினாள். “பாத்தியாப்பா, பியானோ நின்னா எனக்கும் கை நின்னுடுது. அங்கயும் இப்டிதான் ஆகும்.”

கிரேன் அவளைத் தேற்றவில்லை, அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விதிமுறையைச் சொல்வது போலச் சொன்னார்: “ஸ்டாப்புக்கு அப்பறம் ஒன் சிக்னல் வர்ற வரிக்கும் நான் அங்கயேதான் குந்திகினு இருப்பேன் பாப்பா. எங்கயும் போவ மாட்டேன்.”

அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் கையை இடுப்புக்கு மேலே தூக்கவில்லை. காக்கா வந்து தாராளமாக மீன் தின்றது.

பரீட்சை நாள் வந்தது. இடம் நகரத்தின் தென்கோடியில் ஒரு பளபளப்பான கட்டடம். மற்ற பிள்ளைகளோடு வந்திருந்த பியானோக்காரர்கள் கோட்டு போட்டு, சென்ட் அடித்து, விரல்களை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம்மவர் காலை ஷிப்ட் முடித்து நேரே வந்தார். மினுமினுக்கும் ஆரஞ்சு மேலாடை, கக்கத்தில் ஹெல்மெட். காவலாளி மறித்து, லிஃப்ட் ரிப்பேர் என்றால் பின்பக்கம் என்று வழி காட்டினார்.

“லிஃப்ட்டுக்கு இல்லபா. பியானோவுக்கு.”

“பியானோ ரிப்பேரா?”

“இல்ல. வாசிக்க.”

காவலாளி என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “எங்க ஆளு” என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமை, என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. செல்வி இதைப் படிக்காமல் இருக்கக் கடவள்.

பெற்றோருக்கு உள்ளே அனுமதி கிடையாது. கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் செல்வியும் வெட்கத்தை விட்டுக் கதவில் காதை வைத்தோம். முதலில் சத்தமே இல்லை. பிறகு ஸ்டூல் காலைத் தரையில் தட்டும் ஓசை. “ஓகே, ஸேஃப்டி” என்ற குரல். பரீட்சை எடுக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அம்மையார் என்ன நினைத்தாரோ.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட நன்றாக. மூன்றாவது கிளம்பியது. செல்வி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாதிப் பாட்டில் பியானோ வெட்டினாற்போல நின்றது.

“போச்சு,” என்றாள் செல்வி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி போவது தெரிந்தது. ஆனால் ஏதோ ஒன்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வயலின். தனியாக. பக்கத்தில் துணைக்கு ஒரு சுரமும் இல்லாமல், அதே வேகத்தில், என் மகள் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வரி. இன்னொரு வரி. கொஞ்சமும் அவசரப்படவில்லை. பிறகு, முதலில் வந்த மெட்டு திரும்பி வரும் இடத்தில், பியானோ வந்து சேர்ந்துகொண்டது. மயிரிழை முன்னே இல்லை, பின்னே இல்லை. இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.

பாட்டுகள் முடிந்தால் பியானோக்காரர் வெளியே வந்துவிட வேண்டும். மீதிப் பரீட்சை பிள்ளைக்கு மட்டும்தான். கிரேன் வெளியே வந்தார். கூண்டில் எத்தனை வெயில் அடித்தாலும் வியர்க்காத மனுஷன், தொப்பலாக நனைந்திருந்தார்.

“மன்னிச்சுக்க நைனா. அந்தம்மா ரெண்டு கையும் குறுக்க ஆட்டிச்சு.”

“ஏண்ணா?” என்றாள் செல்வி.

“கொசு.”

ஏசி அறைக்குள், அத்தனை சென்ட்டையும் தாண்டி, ஒரு கொசு. எங்கள் பக்கத்திலிருந்து எங்களோடு வந்ததாகவும் இருக்கலாம். கிரேன் நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவரோரமாக நின்று தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாப்பாகிட்ட நான் எப்டி மூஞ்ச காட்றது? அடுத்த தபா நல்ல ஆளா பாத்துக்க நைனா.” நான் அவர் ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கால் மணி கழித்து ரோஷிணி வந்தாள். செல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, “ஏன்டி, பியானோ நின்னப்ப பயமா இல்லியா?” என்றாள்.

“இல்லம்மா.”

“போன வருசம் நின்னுட்ட?”

“போன வருசம் அந்த சார் என்னை பாக்கவே இல்ல. இவரு கைய மடியில வச்சிகினு என்னையே பாத்துகினு இருந்தாரு. நான் வாசிச்சிகினே போய் சிக்னல் குடுக்கலன்னா பாவம், இவரு எப்டி வருவாரு?”

கிரேன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஷிணி பாஸ். மூன்றாவது பாட்டுக்குத்தான் அதிக மதிப்பெண். சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் உட்பட அதைப் படிக்காமல் யாரும் எங்கள் வீட்டைத் தாண்ட முடியாது.

போன வாரம் டீச்சர் போன் செய்தார். அடுத்த கிரேடு கஷ்டம், லண்டனில் படித்த பியானோக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், பார்க்கலாமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். யோசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கிரேனின் அடுத்த மூன்று மாத ஷிப்ட்டை ரோஷிணி ஏற்கெனவே கேட்டு வாங்கி எங்கள் காலண்டரில் எழுதி வைத்திருந்தாள். அவருக்கு லீவு வரும் நாட்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டங்களைப் பார்த்தால் எனக்கும் அவர் எப்போது வருவார் என்று இருக்கிறது.