காந்தம் வைத்துப் பார்ப்பவர்

வீடு கட்டும் எவரும் தப்பிக்க முடியாத ஓர் இனம் உண்டு. கொத்தனாரும் ஆசாரியுமல்ல, அவர்கள் கூப்பிட்டால்தான் வருவார்கள். நான் சொல்வது எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகுப் பைப்பின் தரம் பார்த்துச் சொல்பவரை. அவர் தானாக வருவார்; பைப்பைத் தட்டுவார், காதருகே பிடிப்பார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார், கடைசியில் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைப்பார். ஒட்டினால் தகரம். ஒட்டாவிட்டால் ஒறிஜினல். தீர்ந்தது விஷயம்.

கருங்கல் ஊர்க்காரர் முருகதாஸ் இந்த இனத்தில் முதல் தரம். பதினெட்டு வருடம் வளைகுடாவில் பைப்புகளோடு பழகியவர். பொய்யில்லை. லாரியின் பின்னால் பைப்பு இருந்தது. முன்னால் உட்கார்ந்து இவர் ஓட்டினார்.

டெல்சி கடலோரத்தில் வீடு கட்டினாள். கணவன் ஆன்ட்ரூஸ் கடலுக்குப் போய்விட்டால் வீட்டுவேலை முழுக்க அவள் தலையில். வெளியிலுள்ள மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். வெல்டர் ஜெனித் ஒன்றுதான் சொன்னான்: "அக்கா, இந்த உப்புக்காத்துக்கு 316 தரம் போடணும். வெல கூடுதலாக்கும். ஆனா நிக்கும்."

டெல்சியும் ஜெனித்தும் மார்த்தாண்டம் கடைக்குப் போக ஆட்டோ வந்தது. உள்ளே முருகதாஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, 316 கப்பலுக்குள்ளதாக்கும். இவ வீட்டைக் கடல்ல விடப் போறாளா?" என்றார் கடையில், ஜெனித்திடம். கடைக்காரர் சிரித்தார். பாதி விலையில் பளபளத்த ஒரு பைப்பின் மேல் காந்தம் ஏறியது, ஒட்டவில்லை. "பாத்தியா மக்ளே? அசல் 304 தரமாக்கும்!"

"அண்ணா, மட்டமான 202-லயும் காந்தம் ஒட்டாது. பில்லுல தரம் எழுதித் தரச் சொல்லுங்க" என்றான் ஜெனித்.

"நீ கல்ஃப் கண்டிருக்கியா?" என்றார் முருகதாஸ்.

பளபளத்த பைப்பே வண்டியேறியது.

முதல் மழை முடிந்ததும் கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள். "துரு இல்ல, வெறும் கறை. தொடைச்சாப் போவும்" என்றார் முருகதாஸ். டெல்சி துடைத்தாள். புள்ளி திட்டானது. "ஆசிட் போட்டுக் கழுவினியா?" என்றார். திட்டு அடிவரை இறங்கியது. "ஜெனித்துக்க வெல்டு செரியில்ல" என்றார். டெல்சி, ஆசிட், ஜெனித், வெல்டு என எல்லோர் மேலும் குற்றம் கண்டவருக்கு, மீதியிருந்த ஒரே ஆள் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆன்ட்ரூஸ் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துப் படியேறினான். கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்தான். அடியில் அரித்துப்போயிருந்த கால்கம்பி கையோடு வந்தது. வலது மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் கடலில்லை. "ஆடிக் கடல்ல விழாதவன், சொந்த வீட்டுப் படியில விழுந்தேன்" என்றான் அவன், சுவரைப் பார்த்து.

முருகதாஸ் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார்; ஆனால் விசாரிக்கவில்லை. "இப்ப எல்லாம் ஏமாத்து மக்ளே. நான் அப்பவே சொன்னேன், பில்லுல எழுதி வாங்குன்னு."

"அதச் சொன்னது ஜெனித்து" என்றாள் டெல்சி. "நீங்க கல்ஃபச் சொன்னிய. பழத்த எடுத்துட்டுப் போங்க அண்ணா."

போனார். புதிய கைப்பிடி ஜெனித் சொன்ன 316-இல், தரம் எழுதிய பில்லோடு வந்தது. முருகதாசுக்கு ஏதாவது உறைத்ததா? அதே வாரம் குழித்துறையில் ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டி தேர்ந்தெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஜெனித் 316 என்று சொன்ன இடத்தில், 'வெல்டு பிடிக்கிற வேலைக்கு 316-எல் அல்லவா கேட்க வேண்டும்?' என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? அப்படியானால் ஒரு சின்ன வேண்டுகோள்: பக்கத்துத் தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு அந்த வழியாக நடக்காதீர்கள்.