உட்கார்ந்துகொள்ளும் கார்

அன்று காலையும் கார் உட்கார்ந்திருந்தது.

மற்ற மூன்று பக்கமும் விறைப்பாக நிற்க, இடது பின்பக்கம் மட்டும் சுளுக்குப் பிடித்தவன் மாதிரித் தரையோடு சாய்ந்து கிடந்தது. வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. இது நான்காவது தடவை.

"யாரோ வேலையைக் காட்டுறாங்க," என்றாள் காரின் சொந்தக்காரி.

"காத்துப் பைதானேம்மா, ரப்பரு. கிழியத்தான் செய்யும்," என்றார் மாமா. அவள் அக்காவின் கணவர். ஆலை மூடியதும் வீட்டில் சும்மா இருந்த அவரை அவள்தான் தன் காருக்கு டிரைவராக வைத்திருந்தாள். மாடியில் அக்கா வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

"யாரு முந்திக்கிட்டுக் காரணம் சொல்றாங்களோ, அங்கதான் மாமா விஷயம் இருக்கும்."

இன்சூரன்ஸ் ஆபீசில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். விபத்து என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களில் பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பது வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை பஸ் படிக்கட்டில் தொங்கி வாங்கியவள். "நமக்கெதுக்கு இதெல்லாம்" என்று அன்று சொன்ன சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் இந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பழைய கார்தான். ஆனால் சொகுசுக் கார். நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள். பள்ளத்தில் இறங்கினாலும் தொட்டிலில் ஆட்டுவது மாதிரி இருக்கும்.

விற்றவன் மூஞ்சியே அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஏதாவது ஒட்டுவேலை செய்து தள்ளிவிட்டிருப்பான் என்று ஞாயிறுதோறும் பின்பக்கத்தை இடது ஓரமாக ஜாக்கி போட்டுத் தூக்கி, பாய் விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். நாலாம் மாதம் அந்தப் பக்கத்துப் பை கிழிந்தது. 'நினைச்சேன்' என்றாள்.

மெக்கானிக் புதுப் பை போட்டார்.

"புதுசுதானா?"

"பில்லைப் பாருங்கம்மா."

"பில்லு புதுசுதான். பை?"

அவர் பழசை மாட்டி ஏமாற்றியிருந்தால்? இரண்டு நாளுக்கொரு முறை தூக்கிப் பார்த்தாள். இரண்டே மாதத்தில் கிழிந்தது. வேறு மெக்கானிக்கிடம் போனாள்.

"முன்னாடி பார்த்த ஆளு சொதப்பிட்டாரும்மா," என்றார் அவர்.

"அடுத்தவர் உங்களைப் பத்தி இதையேதான் சொல்லுவாரு," என்றாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சோதனை. மூன்று வாரம் தாங்கியது. பிறகு காலையிலும் ஒரு தடவை சேர்த்துக்கொண்டாள். இப்போது ஒன்பதே நாளில் போய்விட்டது.

ஆக மெக்கானிக் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. சாவி இருப்பது இரண்டு பேரிடம். ஒன்று அவள். இன்னொன்று?

"நேத்து மூணு கிலோமீட்டர் கூட ஓடியிருக்கு, மாமா."

"டீ குடிக்கப் போனேம்மா."

"மூணு கிலோமீட்டர் தள்ளியா?"

"பக்கத்துக் கடைல நல்லா இருக்காது."

"ஆளு ஏத்துறீங்களா? மூட்டை ஏத்துறீங்களா? இடது பக்கமா பார்த்து ஏத்தச் சொல்லி யாராவது கத்துக் கொடுத்தாங்களா?"

மாமா பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து பானெட்மேல் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

அரை நிமிடத்தில் அக்கா இறங்கி வந்தாள்.

"ஏண்டி, உன் காரு உட்கார்ந்ததுக்கு என் புருஷனை நிக்கவெச்சுக் கேள்வி கேப்பியா?"

"தப்பு பண்ணலன்னா பயம் எதுக்கு?"

"பயமில்லடி, மானம். இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்றோம். உன் காரை மாடியிலயும் ஏத்தி வெச்சுக்கோ."

அவள் அசரவில்லை. ராத்திரி முழுக்க மட்டும் தூக்கம் வரவில்லை. காரை வைத்துக்கொள்வதா, விற்பதா? விற்றால் ஹாரன் கேட்ட அத்தனை வாசலும் சிரிக்கும். வைத்துக்கொண்டால் கிழிக்கிறது யாரென்று தெரியாமலே பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். போகட்டும், விற்றுவிடலாம். ஆனால் அதற்குமுன் உண்மை வெளியே வர வேண்டும்.

பையை மாற்றி, விளம்பரம் கொடுத்தாள். காரைப் பார்க்க வந்தவர், விஷயம் தெரிந்த ஒரு டயர்க்கடைக்காரரையும் கூட்டிவந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா! மாமாவையும் கூட்டிட்டு வா. வெளியாளு சொல்லட்டும், எல்லாரும் கேட்போம்."

இருவரும் வந்து நின்றார்கள். அக்காவின் கண் வீங்கியிருந்தது. மாமா தரையைப் பார்த்தார். அவளே டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, டயர்க்கடைக்காரர் காருக்கடியில் தலையை விட்டார். பிறகு உச்சுக்கொட்டும் ஒலி.

"அம்மா, இந்தப் பை அடிக்கடி கிழிஞ்சிருக்குமே?"

"நாலு தடவை!" என்றாள் ஆவலாக. "தானா கிழிஞ்சதில்லயே?"

"தானாவா? யாரோ கிழிச்சிருக்காங்க."

"கேட்டியாக்கா!"

டயர்க்கடைக்காரர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி காரைத் தூக்குறதுக்கு முன்னாடி உள்ளே டச் ஸ்கிரீன்ல ஒரு பட்டனைத் தட்டணும். தட்டாம ஜாக்கி போட்டா, உயரம் கூடிடுச்சுன்னு நினைச்சு அந்தப் பையில இருக்கிற காத்தைக் காரே வெளியே விட்டுடும். திரும்ப இறக்கும்போது பை மடங்கி நசுங்கும். ஒரு தடவை, ரெண்டு தடவைன்னா தாங்கும். இங்க ஜாக்கி வைக்கிற இடமே தேஞ்சு பளபளன்னு இருக்கு. எவனோ வேலை வெட்டி இல்லாம தினமும் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கான்."

மாமா தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவள் டார்ச்சை அணைத்தாள்.

டயர்க்கடைக்காரர் அவள் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வீட்டுல யாரு மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"