எருமை வெளுத்த நாள்

எங்கள் தோட்டத்தில் ஒரு கறுப்பு எருமை, காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கொக்கைப் போல வெளுத்தது. நம்பாதவர்கள் பத்து பகாட் ஊருக்கு வந்து சாதிக் பாட்சாவைக் கேட்கலாம். தேத்தண்ணிக் கடைக்காரர். மழையில் நனைந்துகொண்டே 'இது மழைதானா' என்று கேட்கிற ரகம்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த முப்பதுகளின் தொடக்கம். மூவார் பட்டணத்திலிருந்து முகம் வெளுக்கும் பூச்சோடு வந்திறங்கினார் வதனானந்த சுவாமி. விடியலில் ஒரு பூச்சு, உச்சியில் ஒரு பூச்சு, அந்தியில் ஒரு பூச்சு. பூச்சுக்கொரு மந்திரம், மந்திரத்துக்கொரு தட்சிணை. தோல் உள்ளிருந்தே வெளுக்குமாம். விதி ஒன்றே ஒன்று: முகத்தில் தண்ணீர் படக்கூடாது. பட்டால் சக்தி போய்விடும்.

தோட்டமே கழுத்துக்குக் கீழே மட்டும் குளிக்க ஆரம்பித்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் மண்டோர் ஐயாசாமி, அடையாளம் தெரியாமல் சொந்தப் பெண்டாட்டிக்கே அன்றைய கூலிக்குப் பேர் போடவில்லை. பங்களாவிலிருந்து இறங்கி வந்த துரை, சீமையிலிருந்து உறவினர்கள் வந்துவிட்டதாக எண்ணித் தொப்பியைக் கழற்றினார். நான் கூட்டிச் சொல்வதில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் புருஷனை இழந்தவள். ஒரே எருமையின் பாலை விற்றுப் பிழைத்தாள். மகள் புஷ்பவள்ளியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்ததால், மகளின் முகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்தாள். சுவாமி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தோல் வெளுத்துடுச்சும்மா. இன்னும் ரத்தம் வெளுக்கணும். அதுக்குப் பெரிய பூசை. தட்சிணையா அந்த எருமையைக் குடுத்துடு."

"எருமை போயிட்டா எதைக் கறந்து குடிக்கிறது, என் முகத்தையா?" என்றாள் புஷ்பவள்ளி.

"வாயை மூடுடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"மாப்பிள்ளையே அடிப்பிடிச்ச சட்டி மாதிரிதானேம்மா இருக்காரு. அவருக்கு யாரு பூசுறது?"

பேச்சியம்மாள் கேட்கவில்லை. எருமையை அவிழ்த்துக் கயிற்றை நீட்டினாள். பால் வாங்க வந்த சாதிக் பாட்சா குறுக்கே நின்றார். அந்த எருமை போனால் அவர் கடையில் வெறும் தேத்தண்ணிதான்.

"சாமி, உங்க பூச்சு எதையும் வெளுக்க வைக்குமா?"

"கரியைக்கூட வெளுக்க வைப்போம்."

"கரி எதுக்கு, இந்த எருமை போதும். கறுப்பா ஓட்டிட்டுப் போனா உங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல்."

வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் குதித்தது. சுவாமியால் பின்வாங்க முடியவில்லை. குடம் குடமாகப் பூச்சைக் கரைத்துக் கொம்பு முதல் வால் வரை, மடியைக்கூட விடாமல், ஊரே சேர்ந்து தேய்த்தது. எருமை வெளுத்தது. ஜனங்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். எருமை சாணி போட்டது. அதையும் ஒருவர் பிரசாதமா என்று விசாரித்தார்.

சுவாமி கயிற்றைப் பிடித்து வேகமாக நடந்தார். ஆனால் சாலைக்குப் போகும் வழியில் பாரிட் இருக்கிறது. தோட்டத்து நீர் வடிய வெட்டிய வாய்க்கால். வெயிலோ ஏறிவிட்டது. எருமைக்குச் சுவாமியின் விதி தெரியாது. சுவாமி இந்தப் பக்கம் இழுத்தார், எருமை அந்தப் பக்கம் இழுத்தது. இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

உள்ளே போனது கொக்கு. வெளியே வந்தது பேச்சியம்மாளின் எருமை.

"மிருகத்துக்கு நம்பிக்கை பத்தலை," என்றார் சுவாமி, தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட.

"சரி சாமி. நம்பிக்கை உள்ளவங்க யாராச்சும் இறங்கட்டும்லா," என்றார் சாதிக் பாட்சா.

ஒருவரும் அசையவில்லை. புஷ்பவள்ளி இறங்கினாள். இரண்டு கைத் தண்ணீர். அவளுடைய பழைய கறுப்பு முகம், பளிச்சென்று, சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு மண்டோர் பெண்டாட்டி இறங்கினாள். பிறகு தோட்டமே இறங்கியது. அன்று மலாக்கா நீரிணை முழுவதும் வெள்ளையாக ஓடியதென்று கப்பல்காரர்கள் சொல்லியிருப்பார்கள், யாராவது கேட்டிருந்தால்.

பேச்சியம்மாள் பூச்சு கரைத்த காலிக் குடத்தை மோந்து பார்த்தாள்.

"அடப்பாவி, இது பசார்ல மலாய்க்காரம்மா விக்கிற பெடாக் செஜுக். வெயிலுக்குக் குளிர்ச்சியா பூசுற அரிசிமாவு. இதுக்கா என் எருமை?"

திரும்பிப் பார்த்தால் சுவாமி இல்லை. ஈரக் காலடி மட்டும் சாலை வரை போயிருந்தது. பேச்சியம்மாள் எருமையைக் கொண்டுபோய்ப் பழைய முளையிலேயே கட்டினாள்.

முகத்தில் என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், உங்கள் முகம். ஆனால் கழுவிப் பார்க்காதே என்று எவனாவது சொன்னால், முதலில் தண்ணீரைத் தேடுங்கள். அந்த மட்டுக்கு எருமைக்கு இருந்த புத்தி நமக்கும் இருக்கட்டும்.

இன்றைக்கும் இந்தக் கதையைச் சொன்னால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். எருமையாவது வெளுப்பதாவது என்கிறார்கள். அவர்களைச் சாதிக் பாட்சாவிடம் கூட்டிப்போனேன். எதையும் நம்பாத அந்த மனிதர் குவளையைக் கழுவியபடியே சொன்னார்:

"வெளுத்துச்சுப்பா, நான் பார்த்தேன். அன்னிக்குக் கறந்த பால்ல தேத்தண்ணி போட்டேன், அரிசிமாவு மிதந்துச்சு."